சிவப்பு மணலும் வெள்ளை மணலும்: மெனோர்காவின் கரைகள் பிழைத்த கதை

ஸ்பெயினின் மெனோர்கா தீவில் கடலுக்குக் கிளம்புகிறவர்கள் வீட்டை விட்டு இறங்கியதும் முதலில் காற்றைத்தான் பார்ப்பார்கள். வடக்கிலிருந்து வீசினால் தெற்குக் கரைக்குப் போவார்கள். தெற்கிலிருந்து வீசினால் வடக்குக் கரைக்கு. நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று போகும் பக்கத்தில் தண்ணீர் குளம் போல அடங்கிக் கிடக்கும். எதிர்ப்பக்கத்தில் அலை பாறையில் மோதிக்கொண்டிருக்கும். தீவின் அகலம் 20 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுவதால் எந்தப் பக்கம் போவது என்பதைக் கிளம்பும்போது முடிவு செய்தால் போதும். நமக்கு வாடையும் தென்றலும் போல அவர்களுக்கு வடக்குக் காற்று திராமுந்தானா, தெற்குக் காற்று மிட்ஜோர்ன். தீவின் வடபாதியையே திராமுந்தானா என்றும் தென்பாதியையே மிட்ஜோர்ன் என்றும்தான் அழைக்கிறார்கள். நிலத்துக்குக் காற்றின் பெயர் வைத்த ஊர் அது.

வடபாதியும் தென்பாதியும் பெயரில் மட்டும் வேறுபடவில்லை. வடக்கே மணல் செம்மண் நிறத்தில் இருக்கும், சில இடங்களில் சாம்பல் கலந்த கருமை. அரை மணி நேரம் தெற்கே வண்டி ஓட்டினால் மாவு போல வெள்ளை மணல், பளிங்கு போன்ற இளநீலத் தண்ணீர். இரண்டு வெவ்வேறு நாடுகளுக்குப் போய்வந்தது போல இருக்கும். மயோர்கா தீவுக்குக் கிழக்கே கிடக்கும் இந்த ஸ்பானியத் தீவின் மொத்தப் பரப்பு சுமார் 700 சதுர கிலோமீட்டர்தான். கரையின் நீளம் 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மக்கள்தொகை ஒரு லட்சம் வாக்கில்.

இங்கே இரண்டு கேள்விகள் எழுகின்றன. இவ்வளவு சிறிய தீவில் கரைகள் ஏன் இப்படி வேறுபடுகின்றன என்பது ஒன்று. ஸ்பெயினின் மத்தியதரைக் கடலோரத்தில் எத்தனையோ இடங்கள் ஓட்டல் சுவர்களாக மாறிவிட்ட காலத்தில் இந்தக் கரைகள் எப்படித் தப்பின என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குக் கல் பதில் சொல்கிறது. இரண்டாவதற்குப் பதில் மனிதர்களிடம் இருக்கிறது. "கைபடாத கடற்கரை" என்று பயண விளம்பரங்கள் எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இந்தக் கரைகளைப் பல கைகள் பிடித்துக் காத்திருக்கின்றன.

முதலில் கல்லைப் பார்ப்போம். கிழக்கே மஹோன் துறைமுகத்திலிருந்து வடமேற்கே காலா மொரெல் வரை ஒரு கோடு போட்டால் அதுதான் தீவின் எல்லைக்கோடு. கோட்டுக்கு வடக்கே இருப்பவை மிகப் பழைய பாறைகள், தெற்கே இருப்பவை இளைய பாறைகள். மஹோன் துறைமுகமே சுமார் 5 கிலோமீட்டர் நீளத்துக்கு உள்ளே குடைந்து போவது இந்தக் கோட்டை ஒட்டித்தான். வடக்குப் பாறைகளில் சில 30 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. தெற்கில் இருப்பது, தோராயமாக ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆழமில்லாத கடலில் படிந்த சுண்ணாம்புக்கல். பாறை எதுவோ, அது உடைந்து வரும் மணலும் அப்படித்தான்.

வடகிழக்கு மூலையில் ஃபவாரிச் முனைக்குப் போனால் இது காலடியிலேயே தெரியும். 1922-ல் கட்டிய கலங்கரை விளக்கம் ஒன்று கறுப்பும் வெள்ளையுமாகச் சுற்றிச் சுற்றிக் கோடு போட்டு நிற்கிறது. அதைச் சுற்றி மரம் கிடையாது, புல்கூட அபூர்வம். தரை முழுக்கக் கருஞ்சாம்பல் நிறப் பலகைக்கல். பள்ளிக்கூடச் சிலேட்டுகளை அடுக்கிவைத்துப் பக்கவாட்டில் சாய்த்துவிட்டது போல ஏடு ஏடாக இருக்கும். ஆழ்கடலில் படிந்த சேறு இறுகிக் கல்லாகி, பிறகு நசுங்கி மடிந்து மேலே வந்தது இது. ஓரத்தைக் கையால் அழுத்தினால் சில இடங்களில் ஓடு போலப் பெயர்ந்து வரும். மழை தேங்கிய குழிகளில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். அங்கிருந்து தெற்கே கொஞ்சம் நடந்தால் பிரெசிலி என்ற கரை. கரும்பாறைகளுக்கு நடுவே வெளிர்மணல். அதற்கு அடுத்து தொர்துகா. கூட்டமே இல்லாத நாளில் இந்த இரண்டு கரைகளுக்கும் போகிற அனுபவத்துக்கு ஈடாகத் தெற்குக் கரையில் எதையும் நான் சொல்ல மாட்டேன்.

வடகரையின் நடுப்பகுதியில் நிறம் மாறிவிடும். கவலேரியா கரைக்கு மரப்படிகளில் இறங்க வேண்டும். மேலிருந்து பார்க்கும்போதே மணல் செங்கல்பொடி போலத் தெரியும். சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வெப்பமான நிலத்தில் ஓடிய ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மணலும் களிமண்ணும்தான் இன்று இங்கே மணற்கல்லாக நிற்கின்றன. அதில் உள்ள இரும்பு துருப்பிடித்த நிறம்தான் அந்தச் சிவப்பு. மேற்கே போனால் பினிமெல்லா, அப்புறம் பிரெகொந்தா. பினிமெல்லாவில் வண்டியை விட்டுவிட்டு அரை மணி நேரம் நடந்துதான் பிரெகொந்தாவுக்குப் போக முடியும். கரைக்கு எதிரே கடலுக்குள் குட்டிக் குட்டிப் பாறைத்தீவுகள் நிற்பதால் பெரிய அலை உள்ளே வருவதில்லை. அவற்றில் சில பாறைகள் தலையில் முக்காடிட்ட துறவிகள் போல இருக்கின்றன. இன்னும் மேற்கே பிலார் கரைக்குக் காட்டுக்குள்ளே இறங்கிப் போக வேண்டும். பச்சை மரங்களுக்கு நடுவே நடந்து வந்து திடீரென்று செம்மணலில் கால் வைக்கும் அந்த நொடிக்காகவே அங்கே போகலாம்.

எல்லாக் கரையிலும் மணல் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வடக்கே அலை உருட்டி உருட்டி வழுவழுப்பாக்கிய கூழாங்கற்கள் மட்டும் கிடக்கும் கரைகள் உண்டு. அதற்கு மக்கார் என்று தனிச்சொல்லே வைத்திருக்கிறார்கள். பாறைக்குள் குடைந்து போகும் சிறு குடா காலா, நீண்ட மணல்வெளி அரெனால். கரையின் பெயரைக் கேட்டதும் செருப்போடு போக வேண்டுமா என்று உள்ளூர்க்காரருக்குத் தெரிந்துவிடும்.

திராமுந்தானா வடகரையைத் தட்டித் தட்டி வளைத்து வைத்திருக்கிறது. உயர்ந்த மலை எதுவும் அதைத் தடுப்பதில்லை. தீவின் நடுவே இருக்கும் தோரோ மலையின் உயரமே 358 மீட்டர்தான். உப்பைச் சுமந்து வரும் காற்றில் காட்டு ஒலிவ மரங்கள் நிமிர்ந்து வளர முடியாமல் எல்லாம் தெற்கு நோக்கிச் சாய்ந்து, சீப்பால் வாரிவிட்ட தலைமுடி போல நிற்கும். கரை முனைகளில் செடிகள் இன்னும் தாழ்ந்து, முள்ளாலான மெத்தை போலத் தரையோடு தரையாக உருண்டு கிடக்கும். அந்த வளைந்த ஒலிவக் கட்டையை மெனோர்கா மக்கள் வீணாக்கவில்லை. வயல்களுக்கான படல்கதவுகளை அதில்தான் செய்கிறார்கள். கோணல் கோணலான கிளைகளைப் பிளந்து, அதே வளைவோடு குறுக்கே பொருத்துவார்கள். நேரான பலகை ஒன்றுகூட இருக்காது, ஆனாலும் கதவு அச்சில் சரியாகத் திரும்பும். இதற்கென்றே தச்சர்கள் இருக்கிறார்கள். கரைக்கு நடந்து போகும் வழியில் இப்படிப் பல கதவுகளைத் திறந்து மூடித்தான் போக வேண்டும்.

தெற்கே நிலம் மேசை போலத் தட்டை. அடியில் இருப்பது மாரெஸ் என்ற மென்மையான சுண்ணாம்புக்கல். ரம்பத்தால் அறுக்கலாம் என்கிற அளவுக்கு மென்மை. தீவின் பழைய வீடுகள் பெரும்பாலும் இந்தக் கல்லில்தான் கட்டப்பட்டவை. வடக்கு மேட்டிலிருந்து ஓடிவந்த மழைநீர் இந்த மேசையை ஆழமாக அறுத்துப் பள்ளத்தாக்குகளாக்கியது. இவற்றுக்கு பராங்க் என்று பெயர். மேலே காற்று வீசும்போதும் பராங்குக்குள் அடிமட்டத்தில் அமைதியாக இருக்கும். அதனால் அங்கே பழத்தோட்டம் போட்டார்கள். பனியுகத்தில் கடல் இன்றைக்கு இருப்பதைவிட நூறு மீட்டருக்கும் கீழே இருந்தது. பனி உருகிக் கடல் ஏறியபோது இந்தப் பள்ளத்தாக்குகளின் வாய்ப்பகுதி மூழ்கியது. இரு பக்கமும் வெள்ளைப் பாறைச் சுவர், நடுவே நீண்டு உள்ளே வரும் கடல், அதன் முடிவில் ஒரு பிடி மணல் என்று தெற்கே எல்லா காலாவும் ஒரே வார்ப்பில் இருப்பது இதனால்தான். மக்கரெல்லா, மக்கரெல்லெத்தா, துர்கெத்தா, மித்ஜானா, திரெபலூகர் என்று வரிசையாக வரும். படங்களில் நாம் பார்க்கிற மெனோர்கா பெரும்பாலும் இவைதான்.

தண்ணீர் ஏன் அங்கே அப்படி ஒளிர்கிறது? அடியில் வெள்ளை மணல் இருப்பதால் உள்ளே போன வெளிச்சம் பட்டுத் திரும்பி வருகிறது. மத்தியதரைக் கடலில் ஊட்டச்சத்து குறைவு, மிதக்கும் நுண்ணுயிர்களும் குறைவு, ஆகவே நீர் தெளிவு. தீவில் சேற்றைக் கொண்டுவந்து கொட்டும் பெரிய ஆறும் கிடையாது. இளநீலத்துக்கு நடுவே அங்கங்கே மை கொட்டினாற்போலக் கருநீலத் திட்டுகள் தெரியும். முதன்முறை வருபவர்கள் அதைப் பாறை என்றோ குப்பை என்றோ நினைப்பார்கள். இந்தக் கரைகளுக்கு உயிர் கொடுப்பதே அந்தத் திட்டுகள்தான்.

அது பொசிடோனியா என்ற கடற்புல். கடற்பாசி என்று பலர் தவறாகச் சொல்வார்கள். வேர், தண்டு, இலை, பூ, காய் எல்லாம் உள்ள முழுமையான செடி அது. மத்தியதரைக் கடலைத் தவிர வேறெங்கும் வளர்வதில்லை. தெளிந்த நீரில் 40 மீட்டர் ஆழம் வரைகூட இறங்கும். வளரும் வேகம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான். மெனோர்காவைப் போலவே பலேயரிக் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த ஃபொர்மென்தேராவை ஒட்டி, ஒரே செடி 8 கிலோமீட்டர் தொலைவுக்குப் பரவியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். தெற்குக் கரையின் வெள்ளை மணலில் பெரும்பகுதி இந்தப் புல்வெளியில் வாழ்ந்து மடிந்த சிறு உயிர்களின் ஓடுதான். மணலை ஒரு சிட்டிகை அள்ளி உள்ளங்கையில் வைத்து உருப்பெருக்கியில் பார்த்தால் சிப்பித் துணுக்கும் கடல்முள்ளெலியின் முள் துண்டும் பொடி ஓடுகளும் தெரியும். ஆறு இல்லாத தீவுக்கு மணல் தருவது இந்தப் புல்.

தருவதோடு காவலும் காக்கிறது. இலையுதிர் காலத்தில் பொசிடோனியா தன் பழைய இலைகளை உதிர்க்கும். நாடா போன்ற பழுப்பு இலைகள் புயல் அலையோடு வந்து கரையில் குவியும். சில இடங்களில் குவியல் ஆள் இடுப்பளவுக்கு ஏறிவிடும். குளிர்காலத்து அலை அந்தக் குவியலில் மோதித் தன் வேகத்தை இழக்கும், பின்னால் இருக்கும் மணல் தப்பிக்கும். இலை நார்கள் அலையில் உருண்டு உருண்டு பழுப்பு நிறப் பந்துகளாகவும் கரை ஒதுங்கும். கையில் எடுத்தால் தேங்காய் நார் உருண்டை போல இருக்கும், எடையே தெரியாது. குழந்தைகள் அதை எறிந்து விளையாடுவார்கள். ஆனால் சுற்றுலா வந்தவர்களுக்கு இந்தக் குவியல் அழுக்காகத் தெரிந்தது, வாடை அடிக்கிறது என்றார்கள். மத்தியதரைக் கடலோரம் முழுக்க ஊராட்சிகள் இயந்திரம் விட்டு இலையை வாரின. இலையோடு மணலும் லாரி ஏறிப் போனது. அப்புறம் ஒரு புயல் வந்தால் மிச்ச மணலையும் கடல் எடுத்துக்கொண்டது. மெனோர்காவில் இதைப் புரிந்துகொண்டு ஒதுக்குப்புறமான கரைகளில் இயந்திரத்தை நிறுத்தினார்கள். மணல்மேடுகளைச் சுற்றி மரக்கம்பு நட்டுக் கயிறு கட்டினார்கள். அந்தக் கயிறு முழங்கால் உயரம்தான், தாண்டுவது எளிது. தாண்டாமல் இருப்பதால் உள்ளே செடிகள் வேர்பிடித்து மணலைக் கட்டிவைக்கின்றன.

சரி, ஓட்டல்கள் ஏன் வரவில்லை? 1936-ல் தொடங்கிய ஸ்பானிய உள்நாட்டுப் போரில் மெனோர்கா கடைசி வரை குடியரசின் பக்கம் நின்றது. 1939 பிப்ரவரியில்தான் எதிர்த்தரப்பின் தலைவரும் பின்னாளைய சர்வாதிகாரியுமான பிராங்கோவின் கைக்குப் போனது. அதற்குத் தண்டனையாக அவர் ஆட்சி தீவைச் சுற்றுலாவிலிருந்து ஒதுக்கிவைத்தது, அதுவே நல்லதாகப் போனது என்று பலரும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. கரையை விற்றுத்தான் பிழைக்க வேண்டும் என்ற நெருக்கடி தீவுக்கு இல்லை என்பதை இன்னும் வலுவான காரணமாகப் பார்க்கிறேன். 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கே காலணித் தொழில் இருந்தது. அபார்கா என்ற செருப்புக்கு அடிப்பாகமாகப் பழைய கார் டயரை வெட்டி வைத்தவர்கள் அவர்கள். கவரிங் நகைத் தொழில் இருந்தது. மஹோன் பாலாடைக்கட்டிக்காக மாடு வளர்த்தார்கள். கரையை ஒட்டிய நிலம் பெரிய பெரிய பண்ணைகளாக, பழைய குடும்பங்களின் கையில் இருந்தது. துண்டு துண்டாக விற்பனைக்கு வரவில்லை. பண்ணைகளுக்கு நடுவே சுண்ணாம்பு, சாந்து எதுவும் இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிய மதில்கள் பல்லாயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகின்றன. மக்கரெல்லாவுக்குப் பின்னால் ஓட்டல் இல்லாமல் பைன் காடும் மேய்ச்சல் நிலமும் இருப்பதற்கு இந்தப் பசுக்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

1969-ல் புதிய விமான நிலையம் திறந்தது. அதன்பின் ஓட்டல்கள் வராமலும் இல்லை. தெற்கே அல்ஜெந்தார் பள்ளத்தாக்கு கடலில் சேரும் இடம் காலா கல்தானா. பிறைவடிவில் வளைந்த அந்தக் குடாதான் தெற்கிலேயே அழகானது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். இன்று அதன் ஓரத்தில் பெரிய ஓட்டல் கட்டடம் பாறையைவிட உயர்ந்து நிற்கிறது. தீவின் மிக நீளமான மணல்வெளி, சுமார் இரண்டரை கிலோமீட்டர் நீளும் சோன் பௌ. ஒரு பக்கம் நாணல் காடு, மறுபக்கம் கடல். கிழக்கு முனையில் கிறிஸ்தவத்தின் தொடக்க நூற்றாண்டுகளில் எழுந்த தேவாலயம் ஒன்றின் அடித்தளம் மணலை ஒட்டிக் கிடக்கிறது. அதன் அருகிலேயே இரண்டு ஓட்டல் அடுக்குகள். மற்ற கரைகளுக்கும் இதே கதி வரவிருந்தது என்பதை அங்கே நின்றால் புரிந்துகொள்ளலாம்.

திருப்பம் வந்தது கிழக்கே, எஸ் கிராவ் என்ற மீனவர் ஊருக்குப் பின்னால் இருக்கும் அல்புஃபேரா ஏரியில். 1970-களில் அதன் கரையில் வீட்டுமனைகளும் கோல்ஃப் மைதானமும் கொண்ட ஒரு குடியிருப்புத் திட்டம் வந்தது. வேலையும் தொடங்கிவிட்டது. தீவு மக்கள் எதிர்த்தார்கள். 1977-ல் உருவான கோப் மெனோர்கா என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அந்த எதிர்ப்பைக் கையில் எடுத்தது. பறவை பார்ப்பவர்களின் அமைப்பாகத் தொடங்கியது, நிலத்துக்கான அமைப்பாக வளர்ந்தது. திட்டம் முழுமை பெறாமல் நின்றது. 1993-ல் யுனெஸ்கோ தீவு முழுவதையும் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. 1995-ல் அந்த ஏரி இயற்கைப் பூங்காவானது. 2003-ல் வந்த, தீவின் நிலப் பயன்பாட்டுக்கான திட்டம் புதிய சுற்றுலாக் கட்டுமானங்களுக்குக் கடிவாளம் போட்டது. 2019-ல் காப்பகத்தின் எல்லை சுற்றியுள்ள கடலுக்கும் விரிந்தது. இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஆண்டுக்கணக்கான கூட்டங்களும் மனுக்களும் வழக்குகளும் இருக்கின்றன. ஒரு தலைமுறையே அதற்காக உழைத்திருக்கிறது.

இதே காலத்தில் இன்னொரு போராட்டமும் நடந்தது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஸ்பெயினில் கடற்கரை பொதுச்சொத்து. 1988-ன் கரையோரச் சட்டம் அதை இன்னும் அழுத்தமாகச் சொன்னது. ஆனால் கரைக்குப் போகும் வழி? அது பண்ணைக்குள்ளே போனது. கரை உங்களுடையது, வழி என்னுடையது என்று நிலக்காரர்கள் கதவைப் பூட்டினால் கரை யாருக்குப் பயன்? தீவைச் சுற்றி ஒரு பழைய பாதை உண்டு. கமி தெ கவால்ஸ், அதாவது குதிரைப் பாதை. கடற்கொள்ளையரைக் கண்காணிக்கக் காவல் வீரர்கள் குதிரையில் சுற்றிவந்த வழி அது. காவல்கோபுரங்களை இணைத்துக்கொண்டு போகும். 20-ஆம் நூற்றாண்டில் அது பல இடங்களில் மூடப்பட்டும் முள் மண்டியும் மறைந்துபோனது. மக்கள் கூட்டமாக அந்தப் பாதையில் நடந்து போய், இது பொதுவழி என்று உரிமை கோரினார்கள். 2000-ல் பலேயரிக் நாடாளுமன்றம் அதற்கென்றே தனிச்சட்டம் போட்டது. 2010-ல் பாதை முழுமையாகத் திறந்தது. 185 கிலோமீட்டர், 20 பகுதிகள். மேலே சொன்ன கரைகளில் பெரும்பாலானவற்றை இந்த ஒரே பாதையில் நடந்து பார்த்துவிடலாம். நிலம் இன்னும் பண்ணைக்காரருடையதுதான், நடக்கும் உரிமை எல்லோருக்கும். ஒலிவக் கட்டைக் கதவுகளைத் திறந்தவர் மறக்காமல் மூட வேண்டும் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் எழுதாத நிபந்தனை. இல்லையென்றால் மாடுகள் கடற்கரைக்கு வந்துவிடும்.

இன்றைய சிக்கல் வேறு. கட்டடம் கட்டுவது நின்றுவிட்டது, கூட்டம் வருவது நிற்கவில்லை. ஆகஸ்டில் தீவில் இருப்பவர்களின் எண்ணிக்கை குளிர்காலத்தைப் போல இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது. மக்கரெல்லெத்தாவில் சில பாய்களை விரித்தாலே மணல் தீர்ந்துவிடும். அதனால் கோடைமாதங்களில் மக்கரெல்லாவுக்குக் காரில் போக விடுவதில்லை, தீவின் மேற்கு முனை நகரமான சியுதாதெல்லாவிலிருந்து பஸ் பிடிக்க வேண்டும். மற்ற கரைகளின் வண்டி நிறுத்தம் நிரம்பிவிட்டதா என்று ஊர் எல்லையிலேயே மின்பலகை காட்டும். வண்டிக்கு இடம் எவ்வளவோ, கரைக்கு ஆள் அவ்வளவு. நிறுத்தத்தைப் பெரிதாக்காததே இங்கே பாதுகாப்பு முறை.

கடல் வழியாக வருபவர்களைக் கட்டுப்படுத்துவது இன்னும் கடினம். உல்லாசப் படகு ஒன்று போடும் நங்கூரம் காற்றில் இழுபட்டால், பொசிடோனியா வெளியில் உழவு சால் போல ஒரு கோடு விழும். அந்தப் புல் மீண்டும் அங்கே மூடுவதற்கு ஒரு மனித ஆயுள் போதாது. 2018-ல் பலேயரிக் அரசு பொசிடோனியா மேல் நங்கூரம் போடுவதைத் தடைசெய்தது. கோடையில் கண்காணிப்புப் படகுகள் கரை கரையாகப் போய்த் தண்ணீருக்குள் பார்த்து, புல்மேல் நிற்கும் படகுகளை மணல்மேல் தள்ளி நிறுத்தச் சொல்கின்றன. கரையில் குளித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது ஏதோ படகுகளுக்குள் நடக்கும் பேச்சுவார்த்தை போலத்தான் தெரியும்.

அக்டோபரில் பஸ்கள் குறையும், மின்பலகைகளுக்கு வேலை இருக்காது. முதல் திராமுந்தானா அடித்ததும் அந்த ஆண்டுக்கான பழுப்பு இலைகள் கரை ஏறத் தொடங்கும்.